அக்கரையிலிருந்து வந்த தேன்பெட்டி

தேனீக்களுக்கும் வைரஸ் காய்ச்சல் வரும் என்பது எம்.எஸ்சி. முடிக்கும்வரை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் தேன் என்றால் இருமலுக்குக் குழைத்துக் கொடுக்கும் மருந்து, அவ்வளவுதான். மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தோம். அப்பா தையல்காரர். அம்மா ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். கீழே நாள் முழுக்கப் பித்தளைச் சத்தம். அந்தத் தெருவில் தேனீயைப் பார்க்க வேண்டுமென்றால் ஜிலேபிக் கடைக்குத்தான் போக வேண்டும்.

வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், ஊரிலேயே ஒரு கல்லூரியில் தேனீ நோய்கள் பற்றிய ஆய்வுக்கு உதவியாளர் தேவை என்று ஒரு தோழி சொன்னாள். நேர்முகத்துக்குப் போனேன். ஆய்வை நடத்திய மேடம் கன்னடக்காரர், அதிகம் பேசாதவர். பாடத்தில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, தேனீ கொட்டினால் உனக்கு ஒத்துக்கொள்ளுமா என்றார்.

"இதுவரைக்கும் கொட்டினதே இல்ல மேடம்."

"அப்போ பார்த்துக்கலாம்" என்று கன்னடத்தில் சொல்லி, மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

வேலை இதுதான். மைசூர், குடகு, சாமராஜநகர் பக்கம் தேனீ வளர்ப்பவர்கள் பெட்டிகளில் நோய் கண்டால் எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் போய் நோய்ப்பட்ட புழுக்களையும் தேனீக்களையும் ஐஸ் பெட்டியில் எடுத்து வருவோம். அவற்றை அரைத்து, உள்ளே எந்த வைரஸ் இருக்கிறது என்று பார்ப்போம். இருந்தால், அதன் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்து, எந்த ஊர் வைரஸுக்கு எந்த ஊர் வைரஸ் சொந்தம் என்று வரிசைப்படுத்துவோம். அம்மா உறவினர்களிடம் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்: "எம் பொண்ணு தேனீக்கு டாக்டர்."

கோடை தொடங்கும் சமயத்தில் ஒரு நாள் ஆய்வகத்துக்குப் போன் வந்தது. மேடம் எடுத்தார். இரண்டு நிமிடம் நெற்றியைச் சுருக்கிக் கேட்டுவிட்டு, "இது உன் பாஷை, நீயே பேசு" என்று என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க, தேனீ டாக்டருங்களா?" என்றது ஒரு பெண் குரல். "நானு ஹனூருக்கு அந்தாண்ட இருந்து பேசுறனுங்க. எங்க பெட்டில புழுவெல்லாம் சாவுதுங்க. அடுத்த தோட்டத்துக்காரி தக்காளிக்கு மருந்தடிச்சே கொன்னுபோட்டா. நீங்க வந்து பாத்து ஒரு ரிப்போட்டு எழுதிக் குடுங்க. அத வெச்சு அவள நானு பாத்துக்கறேன்."

கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் கலந்து வந்தன. கோபத்தில் இருந்தாலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'ங்க' போட்டு முடித்தார். எனக்கு உடனே அவரைப் பிடித்துப்போனது.

கொள்ளேகாலில் பஸ் மாறி ஹனூரில் இறங்கியபோது, அவர் டி.வி.எஸ். மொபெட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அங்கன்வாடியில் வேலை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார, வழி நெடுக அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பேசிக்கொண்டே ஓட்டினார். சாலையைப் பார்த்து ஓட்டுங்கள் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

"வயசு என்னாச்சு அம்மிணி?"

சொன்னேன்.

"கண்ணாலம்?"

"இன்னும் இல்லக்கா."

"ம்ம்" என்றார். அதற்கப்புறம் கொஞ்ச தூரம் பேசவே இல்லை. அந்த மௌனத்தில் என்ன நடந்தது என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் புரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் முருங்கை மர நிழலில் பெட்டிகள் வரிசையாக இருந்தன. தேங்காய் மட்டையைப் புகைய விட்டு அவரே ஒரு பெட்டியைத் திறந்தார். நம் ஊர்ப் பெட்டித் தேனீ, சின்னது, கறுப்பும் பழுப்புமாய்க் கோடு போட்டது. அடையைத் தூக்கிக் காட்டினார். மூடியிருக்க வேண்டிய அறைகள் திறந்து கிடந்தன. உள்ளே புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு, குட்டிப் படகு போல வளைந்து செத்திருந்தன. இடுக்கியால் ஒன்றைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். தோல் கிழியாமல், உள்ளே நீர் தளும்பும் ஒரு சின்னப் பையாக முழுசாக வெளியே வந்தது.

பாடத்தில் படித்தது அப்படியே கண் முன்னால் தொங்கியது. பைப்புழு நோய் என்று எங்களுக்குள் சொல்வோம். நம் தேனீக்களைப் பல ஊர்களில் கூண்டோடு காலி செய்த நோய். ஆனால் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்லிவிடக் கூடாது என்பது மேடத்தின் கண்டிப்பான விதி.

"மருந்தடிச்சதுனாலயா அம்மிணி?"

"மருந்துன்னா பெரிய தேனீங்கதான்க்கா பெட்டி வாசல்ல குவியலா செத்துக் கெடக்கும். இங்க புழுதானே சாகுது. இது வைரஸா இருக்கும்னு நெனைக்கிறேன். டெஸ்ட் பண்ணினாத்தான் சொல்ல முடியும்."

"என்ன டெஸ்ட்டு?"

"பி.சி.ஆர்."

"கொரோனாவுக்குப் பண்ணாங்களே, மூக்குல குச்சிய உட்டு, அதா?" அவர் அடையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இதுக்கு மூக்கு எங்கிங்க இருக்குது?"

சிரித்து முடிக்கும்வரை இடுக்கியைக் கீழே வைத்துவிட்டேன். மூக்கெல்லாம் வேண்டாம், முழுப் புழுவையே அரைத்துவிடுவோம் என்றதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. "செத்ததுதான, பரவால்ல" என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

தக்காளித் தோட்டத்துப் பெண்மணி வேலியோரம் நின்று எங்களை எட்டிப் பார்த்தார். இவர் உடனே முதுகைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பேருக்கும் பேச்சே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசையில் எல்லோரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில்கூட, கோவில் முழுக்கக் கைகூப்பிவிட்டு அந்த ஒருத்தி பக்கம் மட்டும் திரும்ப மாட்டாராம். இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

மைசூருக்குத் திரும்பி, மறுநாள் காலை வேலையைத் தொடங்கினேன். இந்த வைரஸின் மரபணு ஆர்.என்.ஏ. என்ற வகை. லேசில் கெட்டுப்போகும். வெறும் கை பட்டாலே போச்சு. கையுறை, முகமூடி, எல்லாம் ஐஸ் மேல். அரைத்த கூழில் மூக்கைத் துளைக்கும் மருந்தைக் கலந்து, சுழற்றி, வடித்து, கடைசியில் குழாயின் அடியில் ஒரு வெள்ளைப் பொட்டு கிடைக்கும். சில சமயம் அதுகூடத் தெரியாது. இருக்கிறது என்று நம்பித்தான் மேற்கொண்டு போக வேண்டும். அதை டி.என்.ஏ.வாக மாற்றி, பி.சி.ஆர். இயந்திரத்தில் வைத்து, வைரஸ் இருந்தால் அதன் ஒரு துண்டு மட்டும் லட்சக்கணக்கில் பெருகும்படி செய்வோம். பிறகு ஜெல் என்ற மெல்லிய வில்லையில் அதை ஓடவிட்டு, புற ஊதா விளக்கில் பார்ப்போம். வைரஸ் இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு மின்னும்.

முதல் தடவை ஒன்றும் மின்னவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நாங்களே வைத்திருந்த பழைய வைரஸ் துண்டு மட்டும் ஓரத்தில் பளிச்சென்று நின்றது. மற்ற இடமெல்லாம் இருட்டு.

"இன்னொந்து சல மாடு" என்றார் மேடம். இன்னொரு தடவை செய் என்று அர்த்தம். அந்த ஆய்வகத்தில் நான் அதிகம் கேட்ட கன்னட வாக்கியம் அதுதான்.

இன்னொரு தடவை செய்தேன். புழுவைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து, கலவையின் சூட்டையும் சற்று மாற்றிப் பார்த்தேன். அன்று பிற்பகல் இருட்டறையில் விளக்கைப் போட்டபோது மேடமும் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். ஹனூர் மாதிரிகளை ஊற்றியிருந்த இடங்களில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஒரே உயரத்தில், ஆரஞ்சுக் கோடுகள். யாரோ ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல.

"நோடு, நோடு, பந்திதே!" என்று மேடம் கத்தினார். பார், பார், வந்திருக்கிறது என்று. அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பிறகு தான் ஒரு பேராசிரியர் என்பது ஞாபகம் வந்தவராகக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, வாசலில் நிற்கும் தள்ளுவண்டிக்காரரிடமிருந்து எல்லோருக்கும் சுருமுரி வாங்கி வரச் சொன்னார். பொரியும் கேரட்டும் பச்சை மிளகாயும் காகிதப் பொட்டலத்தில் வந்தன. ஆய்வகத்துக்குள் சாப்பிடக் கூடாது என்பதால் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு நோயைக் கண்டுபிடித்துவிட்டு இப்படிக் கொண்டாடுகிறோமே என்று நடுவில் ஒரு கணம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தச் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. இத்தனை நாள் வெறும் வார்த்தையாக இருந்த ஒன்று என் கையால் கண்ணுக்குத் தெரிந்திருந்தது.

கோடு வந்தால் வைரஸ் இருக்கிறது என்று மட்டுமே தெரியும். அது எந்த வகை என்பதற்கு எழுத்துகளைப் படிக்க வேண்டும். அதற்காகப் பெங்களூருக்கு அனுப்பினோம். ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் நீளமான வரிகள் மின்னஞ்சலில் திரும்பி வந்தன. அவற்றைக் கணினியில் போட்டு, எங்களிடம் ஏற்கெனவே இருந்த மைசூர், குடகு வைரஸ்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, வம்ச மரம் ஒன்று வரைந்தேன். எழுத்துகள் எவ்வளவு ஒத்துப்போகின்றனவோ அவ்வளவு நெருங்கிய கிளை.

மைசூர், குடகு மாதிரிகள் பங்காளிகள் போல ஒரு கொத்தாக நின்றன. ஹனூர் வைரஸ் மட்டும் அவர்களோடு சேராமல் தள்ளி, தனிக் கிளையில் இருந்தது.

மேடம் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்த அம்மா பெட்டிகளை எங்கேயிருந்து வாங்கினார்?"

எனக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. உடனே போன் போட்டேன்.

"வாங்கலீங்க அம்மிணி. எல்லாம் எந் தம்பி குடுத்ததுதான். பாலாத்துக்கு அக்கரைல கொளத்தூர்ப் பக்கம் இருக்கறான். போன தை மாசங்கூட ஒரு பெட்டி ஈயோட தூக்கிக் குடுத்து அனுப்பிச்சான், அக்காளுக்குச் சீருன்னு."

"அவர் பெட்டிங்கள்லயும் கொஞ்சம் சாம்பிள் எடுக்கணும்க்கா."

"அவம் பெட்டியெல்லாம் நல்லாத்தான இருக்குது" என்றார் முதலில். பிறகு குரலில் தேன் வழிந்தது. "அதுக்கென்ன கண்ணு, தாராளமா எடுக்கலாம். எம் மருமவன், அந்தத் தம்பி பையன், மைசூர்லயேதான் ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கறான். லீவுக்கு ஊருக்கு வருவான். அவனோடவே வந்துருங்க. ஹனூர்ல நானும் ஏறிக்கறேன்."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், ஐஸ் பெட்டியும் வலைத்தொப்பியுமாக மைசூர் பஸ் நிலையத்தில் நின்றேன். நர்ஸ் என்றதும் ஏனோ வெள்ளை உடுப்பில் வருவார் என்று தேடிக்கொண்டிருந்தேன். நீலச் சட்டை போட்ட, தூக்கம் கலையாத ஒருவர் வந்து, "தேனீ மேடமா? அத்தை சொன்னாங்க" என்றார். இரவு டியூட்டி முடித்து நேராக வந்திருந்தார். என் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கொள்ளேகால் வரை அதைக் கட்டிப்பிடித்தபடியே தூங்கினார். பெட்டி ஒரு இடத்தில்கூட ஆடவில்லை.

ஹனூரில் அத்தைக்காரர் ஏறினார். பட்டுப்புடவை. தலை நிறையப் பூ. பூசைக்குப் போய்விட்டு வருகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். மாதேஸ்வரன் மலை தாண்டி, காட்டுக்குள் இறங்கி, எல்லையிலுள்ள பாலாற்றைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். தம்பியின் வீட்டு வாசலில் புதுக்கோலம். உள்ளே கேசரி வாசம். பட்டுப்புடவையில் இன்னும் நாலைந்து பெண்கள். நான் பழைய சுடிதாரில், ரப்பர் கையுறையோடு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்த ஊரில் இப்படித்தான் இருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

"மொதல்ல சாப்புடு கண்ணு" என்றார்கள்.

"முதல்ல பெட்டியப் பாத்துடறேன், வெயில் ஏறிட்டா தேனீங்களுக்குக் கோபம் வரும்."

தம்பியின் பெட்டிகள் பார்க்க நன்றாகவே இருந்தன. தேனீக்கள் பலமான கூட்டம். ஆனால் கூர்ந்து பார்த்தபோது அங்கொன்றும் இங்கொன்றுமாக அந்தப் படகுப் புழு கிடந்தது. பலமான கூட்டத்தில் வேலைக்காரத் தேனீக்கள் நோய்ப் புழுவை உடனுக்குடன் இழுத்து வெளியே போட்டுவிடும். வளர்ப்பவர் கண்ணில் படாது. நான்கைந்து புழுக்களைக் குழாயில் போட்டு மூடினேன். வேலை முடிந்த நிம்மதியில், முகத்தில் வியர்வை துடைக்க வலைத்தொப்பியைத் தூக்கினேன்.

ஒன்று இடது இமையில் கொட்டியது. இன்னொன்று மேல் உதட்டில்.

வலியில் நான் போட்ட சத்தத்தில் பட்டுப்புடவைகள் எல்லாம் வாசலுக்கு ஓடி வந்தன. அந்த நீலச் சட்டைக்காரர் மட்டும் ஓடாமல் வேகமாக நடந்து வந்து, என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்தார்.

"மூச்சு விடக் கஷ்டமா இருக்கா?"

"இல்ல."

"நாக்கு தடிக்குதா? தலை சுத்துதா?"

"இல்ல. வலிக்குது, அவ்ளோதான்."

நாடியைப் பிடித்துப் பார்த்தார். பையிலிருந்து ஒவ்வாமைக்கான ஒரு அவில் மாத்திரை எடுத்துக் கொடுத்தார். "ஐஸ் வைக்கணும்" என்று என் ஐஸ் பெட்டிப் பக்கம் கை நீட்டினார்.

"ஐயோ, அதத் தொடாதீங்க! அது புழுவுக்கு."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், பெட்டிக்கடையிலிருந்து இரண்டு பால் ஐஸ் வாங்கி வந்தார். ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி என் கண் மேல் வைத்தார். இன்னொன்றை என் கையில் கொடுத்து, "இது சாப்பிட" என்றார்.

வீங்கிய உதட்டால் பால் ஐஸ் சாப்பிடுவது லேசான காரியமில்லை. நான் அந்தப் போராட்டத்தில் இருந்தபோதுதான் அவருடைய அம்மா எதிரே வந்து குனிந்து, மூடாத என் வலது கண்ணை உற்றுப் பார்த்தார். பின்னால் திரும்பி, "இந்தக் கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்றார்.

"நாந்தான் சொன்னனே, பொண்ணு லட்சணமா இருப்பான்னு" என்றார் ஹனூர்க்காரர்.

பொண்ணா? எனக்கு அப்போதுதான் கோலம், கேசரி, பட்டு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து விளங்கியது. பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார்தான் வருவார்கள். நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே நேராக வந்து நின்றிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அது என் இமையைவிடச் சிவந்திருந்தது.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க" என்றார். "அத்தை, என்ன வேலை இது? அவங்க வைரஸ் எடுக்க வந்திருக்காங்க!"

"அதத்தான் எடுத்தாச்சே. இனி என்ன?" என்றார் அத்தை.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கோணிய உதட்டோடு சிரிக்கத் தொடங்கினேன். அந்தக் கோணல் சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்தார். அப்புறம் அந்த வாசல் முழுக்கச் சிரித்தது. கேசரி நன்றாக இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது பாலாறு வனச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். காவலர் ஒருவர் ஏறி ஐஸ் பெட்டியைத் தட்டினார். "டப்பாதல்லி ஏனிதே?"

பெட்டியில் என்ன என்று கேட்கிறார். கல்லூரிக் கடிதத்தை நான் தேடுவதற்குள் கூட வந்த நீலச் சட்டைக்காரர் முந்திக்கொண்டு, "தேனீப் புழு சார், செத்தது" என்று கன்னடத்தில் சொன்னார்.

காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதற்குள் இடது கண் முழுசாக மூடிவிட்டிருந்தது. "செத்ததா? அப்படீன்னா இவங்க முகத்துக்கு என்ன ஆச்சு?" என்று அவர் கன்னடத்தில் கேட்டதும் பஸ் முழுக்கச் சிரிப்பு. கடிதத்தைக் காட்டினோம். பெட்டியைத் திறக்கச் சொல்லாமலே இறங்கிவிட்டார்.

வீட்டில் அம்மா கதவைத் திறந்து, "மாதாவே!" என்று அலறினார். நடந்ததைச் சொன்னேன். கொட்டியதைக் கேட்டு அழப்போனவர், மீதியைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பையன் என்ன படிச்சிருக்கான்?" என்றார்.

அக்கரை வைரஸ் முதல் தடவையிலேயே கோடு காட்டியது. பெங்களூரிலிருந்து எழுத்துகள் வந்ததும் மரத்தை மறுபடி வரைந்தேன். தள்ளி நின்ற ஹனூர்க் கிளையின் பக்கத்திலேயே, ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு, பாலாற்றுக்கு அக்கரை மாதிரி போய் உட்கார்ந்தது. மேடம் வழக்கம்போல எச்சரித்தார்: இது ஜாடைதான், சாட்சி இல்லை, அங்கிருந்து இங்கே வந்ததா, இரண்டுக்கும் வேறு எங்கிருந்தாவது வந்ததா என்று இவ்வளவு குறைந்த மாதிரிகளை வைத்து அடித்துச் சொல்லக் கூடாது. ஆனால் ஒன்று உறுதி. புழுக்களைக் கொன்றது தக்காளி மருந்து இல்லை.

ஹனூருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்ப அவ இல்லியா?"

"அவங்க இல்லக்கா. ஆனா சாயங்காலமா மருந்தடிக்கச் சொல்லுங்க. அது தேனீக்கு நல்லது."

"நானு எப்படிச் சொல்றது, நாந்தான் பேசறதில்லியே" என்றார் சின்னக் குரலில்.

அடுத்த ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர் வரிசையை விட்டு எழுந்து போய், கைகூப்பாமல், அந்தப் பெண்மணியைக் கட்டியே பிடித்துவிட்டாராம். பதறிப்போன அந்தப் பெண்மணி, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாராம்.

இந்த நோய்க்கு மருந்து கிடையாது. இருந்தும் செய்யக்கூடியது உண்டு. நோய்ப்பட்ட அடைகளை எடுத்து எரிக்கச் சொன்னோம். ஒரு பெட்டியின் அடையை இன்னொன்றில் வைக்காதீர்கள், கத்தியைக் கொதிநீரில் போட்டு எடுங்கள் என்றோம். ராணியைக் கொஞ்ச நாள் சின்னக் கூண்டில் அடைத்து வைக்கச் சொன்னோம். முட்டையிடாவிட்டால் புழு இல்லை. புழு இல்லாவிட்டால் வைரஸ் பெருக இடம் இல்லை. பிறகு பலமான கூட்டத்திலிருந்து புது ராணி. அவர் எல்லாவற்றையும் செய்தார். சில பெட்டிகள் காலியாகத்தான் போயின. ஆனால் மழைக்குப் பிறகு பூ வந்தபோது மீதிப் பெட்டிகளின் அறைகள் ஒழுங்காக மூடிக்கொண்டன. அதைப் போனில் படம் பிடித்து அனுப்பினார். படம் ஆடியிருந்தது, பாதியில் அவர் கட்டை விரல்தான் தெரிந்தது. நான் அதை மேடத்திடம் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

இதற்கிடையே நீலச் சட்டைக்காரர் ஒரு மாலை ஆய்வகத்துக்கு வந்தார். கண் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தாராம். கண் சரியாகிப் பல வாரம் ஆகியிருந்தது. வந்ததற்கு வேறு காரணம் வேண்டுமே என்று திரையில் இருந்த மரத்தைக் காட்டினேன்.

"இதுல எங்க வீடு எது?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"பக்கத்துல அத்தையா?" குனிந்து பார்த்தார். "அப்பா அக்காவுக்குக் குடுத்த சீர்ல இதுவும் சேத்தியா!"

பிறகு அடிக்கடி வந்தார். டியூட்டி இல்லாத மாலைகளில் அவருடைய ஸ்கூட்டரில் அக்ரஹாரம் பக்கம் காபி குடிக்கப் போவோம். அப்படி ஒரு நாள், டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே, "நானும் கேக்கணும்னு இருக்கேன். அத்தை கேட்டதுக்காக இல்ல" என்றார்.

என்ன கேட்கப் போகிறார் என்று புரிந்துவிட்டது. அதை மறைக்க, "முதல்ல உங்க வீட்டுல ராணிய மாத்தச் சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

"பெட்டி ராணியத்தானே? வீட்டு ராணிய மாத்தச் சொன்னா எங்க அப்பாவுக்குச் சோறு கெடைக்காது."

காபி என் மூக்கில் ஏறியது. அதையே அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். தப்பாகவும் எடுத்துக்கொள்ளவில்லை.

மைசூரிலேயே கல்யாணம் நடந்தது. அப்பாவே என் ரவிக்கையைத் தைத்தார். நான்கு தடவை பிரித்துப் பிரித்துத் தைத்தார். கல்யாண போட்டோவில் என் இரண்டு கண்ணும் திறந்திருக்கின்றன என்று மாமியார் இப்போதும் வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.

அந்த வருடக் கடைசியில் மேடமும் நானும் எங்கள் வைரஸ்களின் எழுத்துகளை, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுத் தகவல் களஞ்சியத்தில் ஏற்றினோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். இந்தச் செய்தியைச் சொல்ல ஹனூர் அத்தைக்குப் போன் போட்டேன்.

"உலகம் முழுக்கத் தெரியுமா? ஜப்பான்காரன் பாத்தாலும் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"எம் பேரு போட்டியா?"

"ஆள் பேரு போடறது வழக்கம் இல்ல அத்தை. ஊர் பேரு மட்டுந்தான் போடுவாங்க."

ஏமாந்துபோவார் என்று நினைத்தேன். இரண்டு நொடி யோசித்தார்.

"ஊர் பேரே போதும் கண்ணு. இந்த ஊருல தேனீ வளக்கறவ நான் ஒருத்திதான" என்றார். சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டார்.